டீயோடு ஒரு போல்ட்

நான் சொன்னால் தப்பாகத்தான் போய் முடியும் கண்ணு. இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோர்வையாகப் பேச வராது, ஏழாம் வகுப்போடு நின்றவள். நடுவில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விடுவேன், அப்புறம் எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியாது. பாதி கேட்டவர்கள் எல்லோரும் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள். முழுதாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை. நீ திருச்செங்கோடு வரைக்கும் வருகிறாய், உனக்கு நேரம் இருக்கிறது. அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் இழுத்து விடு, காற்று காதுக்குள் போனால் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

பட்டுச்சேலையைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கா என்று கேட்டாய். கல்யாணம்தான். நாளைக்குத் திருச்செங்கோட்டில் முகூர்த்தம், இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை எங்கள் மச்சாண்டார் மகன், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் பையன், நவநீதன். நான் அவனுக்குச் சித்தி. காரிலிருந்து இறங்கினதும் ஆரத்தி சுற்ற வேண்டியவள் நான்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் காரைச் சொல்ல வேண்டும். காரைச் சொல்லாமல் கல்யாணத்தைச் சொன்னால் நீயும் அவர்கள் பக்கம் போய்விடுவாய்.

கார் என்றால் நீ பார்க்கிற கார் இல்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டே கதவு. முன்பக்க மூடியைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் சாய்ந்துகொள்ளும், மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நிற்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அது நாமக்கல்லில் ஒரு மூடின அரிசி ஆலைக்குப் பின்னால் கிடந்தது. ஆலையை இடிக்கப் போகிறார்கள், யாராவது எடுத்துப்போனால் போதும் என்று ஆலைக்காரர் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் தன் பழைய பட்டறை முதலாளியின் லாரியைக் கேட்டு வாங்கி, அதில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். பின் சீட்டில் கோழி முட்டை வைத்திருந்தது. ஏழு முட்டை, ஏழும் கூழ்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள். உள்ளே பாம்பு இருக்கும் என்றேன், துரு கிழித்தால் ஜன்னி வரும் என்றேன், உங்கள் முதுகுக்கு இது ஆகாது என்றேன். முப்பது வருஷம் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் தகடு அடித்த மனிதர். முதுகெலும்பில் வட்டு நகர்ந்துவிட்டது, இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் மாதம் பேப்பர் படித்தார். ரெண்டாம் மாதம் அதுவும் படிக்கவில்லை. காலையில் எழுந்திருக்கவே பத்து மணி ஆகும். அப்படி இருந்தவர் லாரியிலிருந்து அந்தத் துருப்பிடித்த பெட்டி இறங்குவதைப் பார்த்து நின்றார் பார், அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். பாம்புக்கு மட்டும் மஞ்சள்தூள் போட்டேன்.

அந்த வண்டி அலமாரி மாதிரி. எல்லாமே போல்ட் போட்டு முடுக்கினது. இவர் ரெண்டு வருஷம் கழற்றினார். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் தயிர் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் துணி டேப் ஒட்டி, பேனாவால் எழுதி வைத்தார். ‘இடது கதவு, மேல் கீல்.’ ‘ஸ்டியரிங், அடி.’ கொட்டகைச் சுவர் முழுக்கத் தயிர் டப்பாதான். ஒரே கிரீஸ். ஒரே நாற்றம்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் இருந்தவரைக்கும் அது அவருக்குத் தீபாவளியைவிடப் பெரிது. சுத்தியலுக்குப் பொட்டு வைத்து, வெல்டிங் மிஷினுக்கு மாலை போட்டு, தெரு முழுக்கப் பொரிகடலை கொடுப்பார்கள். வீட்டோடு இருக்கிறோம் என்று அந்த மனிதனுக்குத் தோன்றிவிடக் கூடாதே என்று நான் நினைத்தேன். தப்பா? அவர் முதுகைக் காட்ட ஈரோடு போயிருந்த நாளில், ஒருத்தியாக நின்று கொட்டகையைச் சுத்தம் செய்தேன். டப்பாவில் இருந்ததை எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். ஒவ்வொன்றும் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. பெரிய வாழையிலை விரித்து, சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் வரிசை வரிசையாக அடுக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். என் நடுவிரல் தோல் உரிந்துபோனது. டப்பாக்கள் அசிங்கமாக இருக்கிறதே என்று குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

அவர் வந்தார். இலையைப் பார்த்தார்.

“டப்பா எல்லாம் எங்க புள்ள?”

“தூக்கிப் போட்டுட்டனுங்க. ஒரே கப்பு.”

இலையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கற்பூரம் காட்டினேன், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார். பதினான்கு மாதம் அப்படியே கிடந்தார் கண்ணு. சாப்பிட எழுந்திருப்பார், மறுபடி படுத்துக்கொள்வார். கொட்டகைப் பக்கமே போகவில்லை.

சுத்தம் செய்தால் குற்றமா, நீயே சொல். மனம் விட்டுப்போன ஆம்பிளைக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். போல்ட் சுத்தமாக இருந்ததுதான் சாக்கு.

அந்தச் சமயத்தில்தான் மச்சாண்டார் வந்தார். அத்தியப்பன் என்று பேர். தம்பியின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, “உட்ருடா. எடைக்குப் போட்டு அந்த எடத்துல ரெண்டு மாடு கட்டு. மாடாச்சும் காலைல கத்தி உன்னைய எழுப்பும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சாண்டார் முன்னால் நான் சத்தமாகப் பேசினதே கிடையாது. அன்றைக்குப் பேசினேன். “எடைக்குப் போடறதுன்னா என்னையும் தூக்கித் தராசுல வெச்சுட்டு அப்புறம் வண்டிய வெய்யுங்க மாமா” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “ஏப்பா, ரெண்டுல எது கனம்னு தெரிஞ்சு போயிருமே” என்றார். சிரிக்கிற விஷயமா அது? ஒரு மனிதனுடைய உயிர்.

மறுநாள் காலையில் டீ கொண்டுபோய் வைக்கும்போது, சாஸரில் ஒரு போல்ட்டும் வைத்தேன்.

“இது எங்கங்க போவும்?”

“வெச்சுட்டுப் போ.”

அடுத்த நாள் வேறொரு போல்ட். அதே கேள்வி, அதே பதில். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். “வசந்தாமணி புருசனுக்கு இரும்புச் சத்துக் கொறைவாம்” என்று கேலி. நான் விடவில்லை. ஒரு தரம் கோபத்தில் போல்ட்டை எடுத்து வெளியேகூட எறிந்தார். முள்செடிக்குள் போய்க் கையைக் கிழித்துக்கொண்டு தேடி எடுத்து, மறுநாள் அதையே வைத்தேன். இருபத்து மூன்றாம் நாள். டீயைக் குடித்துவிட்டு அந்தப் போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மரையை நகத்தால் நெருடினார்.

“இது எடது கதவுக் கீலு” என்றார். “வாசர் எங்க?”

எழுந்து கொட்டகைக்குப் போனார்.

நான் அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டேன். மனிதனை எழுப்புவது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்: மொத்தத்தையும் காட்டாதே, ஒன்றே ஒன்றைக் காட்டு. அதற்கு அப்புறம் நான் என்ன செய்தேன் என்றால், என் பழைய சேலைகளை எல்லாம் எடுத்து வண்டியை மூடிவிட்டேன். அன்றைக்கு வேலை செய்கிற இடம் மட்டும் திறந்திருக்கும். கதவு என்றால் கதவு. ஒரு ஹெட்லைட் என்றால் ஒரு ஹெட்லைட். முழு வண்டியும் கண்ணில் பட்டால் மலைத்துப்போய் மறுபடி படுத்துக்கொள்வாரே! மச்சாண்டார் ஞாயிறு தவறாமல் வருவார், வாசலில் நின்றே ஆரம்பித்துவிடுவார். “என்ன அம்மிணி, இன்னைக்கு உங்க வண்டி சுங்குடி கட்டிருக்குது? வெளியூருக்குப் போவுதா?” வந்து உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான். பாடியைத் தூக்கி சேஸ் மேல் உட்காரவைத்தபோது ஒரு பக்கம் பிடித்தார், அதை மறைக்க மாட்டேன். முன் கண்ணாடி எங்கேயும் கிடைக்காமல் இருந்தது, சேலத்தில் எந்தக் கிடங்கிலோ தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சரி. ஆனால் வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? “பொணத்துக்குக் கண்ணாடி மாட்டியாச்சுடா தம்பி.” அதை நான் மறக்கவில்லை.

இவர் முதுகை வளைக்க முடியாத இடத்தில் எல்லாம் நான்தான் வண்டிக்கு அடியில் படுத்தேன். பாதி போல்ட் என் கையால் முடுக்கினது. எந்த மரை அங்குல மரை, எது வேற மரை என்று கையில் எடுத்தாலே இப்போது தெரியும். பட்டி பார்ப்பது, உப்புக் காகிதம் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் தெரியும். பயந்துகொண்டேதான் செய்தேன். ஜாக்கி நழுவினால் என்ன, பெயிண்ட் புகை நெஞ்சைப் பிடித்தால் என்ன என்று எப்போதும் பயம். பயம் இருந்தால் செய்யக் கூடாதா?

நடுவில் மறுபடி ஒரு வருஷம் மந்தமாகத்தான் போனது. டீயோடு போல்ட் வைப்பேன், சரி சரி என்பார், அரை மணி நேரம் ஏதோ செய்வார், வந்து உட்கார்ந்துகொள்வார். போன ஐப்பசிவரைக்கும் இதே கதை. ஐப்பசியில்தான் நவநீதனுக்குப் பெண் நிச்சயமானது. அதே வாரத்திலிருந்து இவருக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம்! விடியும்போது எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். டீயை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் எஞ்சின் வேலை, ஒயரிங், சீட் எல்லாம் முடித்து, இளநீர்ப் பச்சையில் பெயிண்ட்டும் அடித்தாகிவிட்டது. எட்டு வருஷம் ஒரே பிடியாகப் பிடித்தேன் அல்லவா, அதற்குப் பலன் கிடைக்காமல் போகுமா? நான் யாரிடமும் பெருமைக்குச் சொல்வதில்லை.

முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது தெருவே வந்தது. மச்சாண்டாரும் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். வெயில் அவ்வளவு. அடுத்த வாரம் தாம்பூலத் தட்டோடு அக்காவையும், அவர் சம்சாரம்தான், கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அம்மிணி, உங்க வண்டிலதான் மாப்பிள்ளை அழைப்புன்னு பையன் ஒத்தக் கால்ல நிக்கறான். சித்தப்பாதான் ஓட்டோணுமாம்.”

பொணம் என்றாரே, எடைக்குப் போடு என்றாரே! இப்போது கல்யாணத்துக்கு வேண்டுமாம். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவர், “சரிங்ணா” என்றுவிட்டார். முதலிலேயே தெரிந்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

நான் விட்டேனா? அன்றைக்கே மூன்று விஷயம் சொன்னேன். வண்டிக்குப் பக்கத்தில் பட்டாசு வெடிக்கக் கூடாது. மேளத்துக்குப் பின்னால் மணிக்கணக்கில் ஊர்ந்தால் ரேடியேட்டர் கொதிக்கும், கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நேராகப் போக வேண்டும். பூவை நூலில்தான் கட்ட வேண்டும், டேப் ஒட்டக் கூடாது. எல்லோரும் ஆகட்டும் ஆகட்டும் என்று தலையை ஆட்டினார்கள்.

இன்று மத்தியானம் பூ அலங்காரம் செய்கிறவன் வந்தான். பையைத் திறந்தான். உள்ளே என்ன? ரெண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், ஆறு சுருள். என் கண் முன்னால், முன் மூடியில், கையால் நான் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கின இடத்தில், ரோஜாப்பூவை வட்டமாக ஒட்ட ஆரம்பித்தான்.

“ஏப்பா, பெயிண்ட்டு கையோட வந்துருமப்பா” என்றேன்.

“பெயிண்ட்டு என்னங்கக்கா வாழைப்பழத் தோலா, உரிஞ்சு வர்றதுக்கு?” என்கிறான்.

நான் டேப்பைப் பிடுங்கினேன். அவன் இவரைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்து, “உடு வசந்தா. ஒரு நாளைக்குத்தான?” என்றார்.

ஒரு நாளைக்குத்தானாம். எட்டு வருஷம், ஒரு நாளைக்கு.

இவர் குளிக்கப் போனார். குளிக்கிற இடத்தில் பாட்டு. புது வேட்டி, புது வெள்ளைச் சட்டை, முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணைகூட உறை மாற்றி வைத்திருந்தார். பூக்காரன் பீடி பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தான். நான் போய் முன் மூடியைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று இருக்கிறது, ரெண்டு கிளிப்பைத் தள்ளினால் மூடி வந்துவிடும். உள்ளே ரோட்டார் என்று ஒரு சின்னச் சில்லு. அது சுற்றினால்தான் நாலு பிளக்குக்கும் கரண்ட் போகும். அது இல்லாவிட்டால் சாவியை நாள் பூராவும் திருகினாலும் வண்டி இருமும், பிடிக்காது. அதை எடுத்தேன். மூடியை முன்போலவே மாட்டினேன். கொட்டகை டிராயரில் உபரியாக ஒன்று இருக்கும், அதையும் எடுத்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, நாமக்கல்லில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்காது.

“நான் முன்னால போயி அக்காளுக்கு ஒத்தாசை பண்றனுங்க, நீங்க வண்டியக் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இதோ, ரெண்டும் கைக்குட்டையில் முடிந்து என் இடுப்பில் இருக்கிறது. பாரேன், எத்தனூண்டு. கட்டைவிரல் அளவுகூட இல்லை.

இரு கண்ணு, போன் அடிக்கிறது. அவர்தான்.

சொல்லுங்க. …ம். …ம். இல்லீங்க. …நான் ஒண்ணும் பேசலீங்க. வெச்சிருங்க.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். “ரோட்டார் உங்கிட்டயா இருக்குது புள்ள?” என்று கேட்கிறார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டேப்பை எல்லாம் எடுத்துவிட்டாராம். அவர் அண்ணன், மாப்பிள்ளை வீட்டு வேலையை எல்லாம் விட்டுவிட்டு வந்து, கீழே உட்கார்ந்து பூவை நூலில் கோத்துக்கொண்டிருக்கிறாராம். பெயிண்ட்டில் ஒரு கீறல்கூட இல்லையாம். நீ திருச்செங்கோட்டில் இறங்கி எதிர் பஸ்ஸில் வந்துவிடு, நான் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், ஆறு மணிக்குள் கோயிலுக்குப் போய்விடலாம் என்கிறார். அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? “அவனை ஒரு தரம் இதுல கூட்டிட்டுப் போயிடறேன் வசந்தா. அதுக்குத்தான எந்திரிச்சதே” என்றார்.

எதற்கு எழுந்தாராம்? எனக்குத் தெரியாதா அவர் எதற்கு எழுந்தார் என்று? காலையில் டீயோடு போல்ட் வைத்தது யார், நவநீதனா?

பூவை நூலில் கட்டிவிட்டார்கள் அல்லவா, இன்னும் என்ன என்று நீ பார்க்கிறாய். உன் முகத்திலேயே தெரிகிறது. பூ இல்லை கண்ணு. இன்றைக்கு அந்த வண்டி மேளத்தோடு போகும். எல்லோரும் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பிரமாதம் என்பார்கள். கொண்டுவந்து கொட்டகையில் விடுவார். சரி, நாளைக்குக் காலையில்? நாளை மறுநாள்? சாஸரில் நான் எதை வைப்பேன்? முடிந்த வேலைக்கு எவனாவது காலையில் எழுந்திருப்பானா? அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பதினான்கு மாதம் கிடந்த முதுகை இவர்கள் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நூல் போட்டுக் கட்டினாலும் சரி, தங்கத்தால் கட்டினாலும் சரி, அந்த வண்டி முடியக் கூடாது. ஒரு சில்லு இல்லாமல் இருக்கட்டும். தேடட்டும். திட்டட்டும். திட்டுவதற்காவது எழுந்திருக்க வேண்டுமே.

மாப்பிள்ளைக்கு வேறு வண்டியா கிடைக்காது? ஊரெல்லாம் வண்டி. ஆரத்தி சுற்ற எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாளைக்கு என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

மலை தெரிகிறது பார், வந்துவிட்டோம். பையை எடுத்துக்கொள், கூட்டத்தில் முண்டியடிக்காதே, கடைசியாக இறங்கு. இல்லை கண்ணு, நான் வரவில்லை, இந்த பஸ் போகிற ஈரோடு வரைக்கும் போகிறேன். மண்டபம் இங்கேயே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கினால் அக்கா வந்து கையைப் பிடிப்பாள், நவநீதன் சித்தி என்பான், என்னுடைய கையே எடுத்துக் கொடுத்துவிடும். என்னை எனக்குத் தெரியும். போனை அணைத்துவிட்டேன்.

ஈரோட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாயா? யாரும் இல்லை.

ஏனுங்க கண்டக்டர், ஈரோட்டுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. ஆமாங்க, திருச்செங்கோட்டுக்குத்தான் வாங்கினேன். நான் இங்க எறங்கலீங்க.